ஒரு மணி ஆச்சா? திரும்பு மச்சி!

வியாழக்கிழமை காலையில் அய்யலூர் சந்தைக்குள் நுழைந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் ஆடு, இன்னொரு பக்கம் கோழி, நடுவில் காது கிழிய விலை பேசுகிற சத்தம். அந்தக் களேபரத்தில் ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பாருங்கள். சந்தைக்கு அப்பால் ஒரு மலை சத்தமே இல்லாமல் நிற்கும். இந்தப் பக்கம் திரும்பினால் இன்னொரு மலை. காலேஜ் பஸ் ஜன்னலில் தினமும் நம்மோடு கூடவே ஓடிவருகிற அதே மலைகள்தான்.

தினம் பார்க்கிறோம். நடந்திருக்கிறோமா?

'டூர்' என்று சொன்னதும் நாம் என்ன செய்வோம்? வேன் பிடித்து கொடைக்கானல் போவோம். ஏரியில் போட் ஓட்டுவோம். குணா குகை வாசலில் போட்டோ எடுப்போம். மிளகாய் பஜ்ஜி, கையில் ஒரு சாக்லேட் பாக்கெட், வேனில் குத்துப்பாட்டு, ராத்திரி வீடு. மலைக்குப் போனோம், சரி. மலையில் நடந்தது? பார்க்கிங்கில் இருந்து கடை வரைக்கும்தான் பாஸ்!

இந்த வாரம் அதை மாற்றுவோம். தங்க ரூம் வேண்டாம், வேன் வாடகை வேண்டாம். விடிவதற்கு முன் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்புகிற மாதிரி சில நடைகள் சொல்கிறேன். கூடவே ஒரே ஒரு விதி. அந்த விதி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை நடுவில் சொல்கிறேன். பெருமையான கதை இல்லை, அதனால் சிரிக்கக்கூடாது.

வண்டிக் கருப்பு வாசலில் இருந்து...

திருச்சி – திண்டுக்கல் சாலையில் அய்யலூர் வண்டிக் கருப்பண சாமி கோயிலைத் தாண்டுகிற லாரி டிரைவர்கள் பலர் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். புதுசாக வண்டி வாங்கினவர்களும் இங்கே கொண்டுவந்து பூஜை போடுவார்கள். நீளமான பாதையில் போகிறவன் கிளம்பும் முன் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும் என்பதை இதைவிட அழகாக யாரும் சொல்லித் தர முடியாது. நாமும் அங்கேயே நின்று கணக்குப் போடுவோம்.

இங்கிருந்து திண்டுக்கல் சுமார் 25 கிலோமீட்டர். திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு வழியாக கொடைக்கானலுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை நாலரைக்கு அய்யலூரை விட்டால் ஒன்பது, ஒன்பதரைக்கு மேலே இருக்கலாம். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நின்றால்தான் ராத்திரி வீட்டில் சோறு. ஆக, நடக்க நம் கையில் இருப்பது ஆறு மணி நேரம். அவ்வளவுதான். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

பைக்கில் போகிற பார்ட்டிகளுக்கு: 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. கிளம்புவதற்கு முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் அந்தத் தலைவலி இல்லை. ரயில் பார்ட்டிகளுக்கு இன்னொன்று: 'கொடைக்கானல் ரோடு' ஸ்டேஷனில் இறங்கி ஸ்வெட்டரை மாட்டாதீர்கள். அங்கிருந்து கொடைக்கானல் இன்னும் 80 கிலோமீட்டர்!

முதலில் ஒரு பயிற்சி ஆட்டம்: சிறுமலை

மூன்றாவது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற கேஸா நீங்கள்? நேராகக் கொடைக்கானல் வேண்டாம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே சிறுமலை இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே சின்னதாக ஓர் ஏரி, மிளகுக்கொடி, எலுமிச்சை, காபி, பலா. தோட்டத்தில் இருந்து ரோட்டுக்கு மூட்டை சுமக்கக் குதிரைகளைப் பயன்படுத்துகிற ஊர் இது. பாதையில் மணிச்சத்தம் கேட்டால் ஒதுங்கி நில்லுங்கள். டிராபிக் அவர்களுடையது.

இங்கே நடக்க நல்ல இடம் வெள்ளிமலை. அகஸ்தியர்புரத்தில் இருந்து ஏறினால் உச்சியில் சிவன் கோயில். இறங்கி வந்ததும் ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம் வாங்குங்கள். 1970களில் முடிக்கொத்து நோய் என்கிற வைரஸ் தாக்கி இந்த மலை வாழையே கிட்டத்தட்ட அழிந்துபோனது. பிறகு பாடுபட்டு மீட்டார்கள். புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை ரோட்டில் எறிந்தால் நன்றாகவா இருக்கும்?

ஏரி: ஐந்து கிலோமீட்டர் வார்ம்-அப்

இப்போது கொடைக்கானல். பஸ்ஸில் தூங்கிவிடாதீர்கள். வத்தலக்குண்டு தாண்டும்போது, சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் இது என்று பக்கத்து சீட்டில் இருப்பவனிடம் சொல்லி சீன் போடலாம். மலையேறி முடிக்கிற நேரத்தில் ரோட்டோரம் வெள்ளி நீர்வீழ்ச்சி வரும். அதில் விழுவது நீங்கள் போட் ஓட்டுகிற ஏரியின் உபரித் தண்ணீர்.

அந்த ஏரி இயற்கையாக உண்டானது என்று நினைத்தால் தப்பு. மதுரை கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைக்குக் கரை கட்டித் தேக்கியது. நட்சத்திரம் மாதிரி கை கால் நீட்டிக் கிடக்கிற அதன் கரையைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் ரோடு. சைக்கிள், குதிரை எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்ணே' சொல்லிவிட்டு நடந்து பாருங்கள். ஒரு மணி நேரம் போதும். மலைக்காற்றுக்கு மூச்சு பழகிவிடும்.

இன்னும் கொஞ்சம் தெம்பு இருந்தால் கோக்கர்ஸ் வாக். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட, சுமார் ஒரு கிலோமீட்டர் நடைபாதை. கீழே மேகமும் முதுகுக்குப் பின்னால் வெயிலும் ஒரே நேரத்தில் அமைந்தால், மேகத்தின் மேல் உங்கள் நிழலே தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு தெரியும். 'பிராக்கன் ஸ்பெக்டர்' என்று பெயர். அன்றைக்கு நீங்கள்தான் சாமி!

வட்டக்கானல் – டால்பின் நோஸ்: இறக்கம் ஏமாற்றும்

ஊரில் இருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வட்டக்கானல். அங்கிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்குகிற பாதைதான் இளவட்டங்களுக்குப் பிடித்தமானது. சோலைக்காட்டு நிழல், தரையெல்லாம் பாம்பு மாதிரி வேர்கள், மழை பெய்திருந்தால் சறுக்கல். முடிவில் வெறும் காற்றுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு பாறை. அதற்குக் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி.

சாதாரண மலையில் ஏறுவது முதலில், இறங்குவது பிறகு. இங்கே தலைகீழ். காலையில் தெம்போடு இருக்கும்போது இறக்கம். ஜாலியாக ஓடுவோம், பாட்டுப் பாடுவோம். களைத்துப்போன மத்தியானத்தில் ஏற்றம். இறங்க முக்கால் மணி நேரம் ஆனால் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். போதாததற்கு மத்தியானத்துக்கு மேல் கீழே இருந்து மூடுபனி ஏறி வரும். ஐந்து நிமிஷத்தில் முன்னால் நடக்கிறவன் காணாமல் போவான்.

எங்கள் கதை இங்கேதான் நடந்தது. ஐந்து பேர் போயிருந்தோம். பாறையில் போட்டோ எடுத்து முடித்தபோது மணி இரண்டு. "இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்ப்போம்டா" என்றான் ஒருத்தன். இந்த 'இன்னும் கொஞ்சம்' இருக்கிறதே, அதுதான் மலையில் ரொம்ப ஆபத்தான வார்த்தை. மூன்றரைக்கு மூடுபனி இறங்கியது. ரப்பர் செருப்போடு வந்திருந்தவன் வேரில் கால் மாட்டிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். செல்போனில் டவர் இல்லை. எந்தப் பாதையில் வந்தோம் என்பதில் ஐந்து பேருக்கும் ஐந்து கருத்து.

அப்போது மேலே இருந்து ஒரு பெரியவர் தலையில் மூட்டையோடு இறங்கி வந்தார். கொடைக்கானலில் சாமான் வாங்கிக்கொண்டு வெள்ளகவிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். எங்களைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: "ஏப்பா, மணி பாக்கலையா?"

மூட்டையைப் பாறை ஓரத்தில் வைத்தார். பிசகின காலுக்குத் துண்டைக் கிழித்துக் கட்டினார். அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு ரோடு தெரிகிற இடம் வரை ஏறினார். காசு நீட்டினோம். வாங்கவில்லை. "இருட்டுறதுக்குள்ள நானும் வீட்டுக்குப் போகணும் தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கினார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்குக் காலையிலேயே ஒரு முறை அந்த ஏற்றத்தை ஏறியவர் அவர். எங்களுக்காக இரண்டாவது முறை ஏறினார். அவருடைய மூட்டை மூடுபனியில் நனைந்துகொண்டு கிடந்தது. தப்பு எங்களுடையது, கூலி கொடுத்தது அவர்.

அன்றைக்குப் போட்ட விதி இது: பத்து மணிக்கு நடக்க ஆரம்பி. மணி ஒன்று ஆனால், நிற்கிற இடம் எதுவாக இருந்தாலும் திரும்பு. பாறை இன்னும் பத்தே நிமிஷம் என்றாலும் சரி, திரும்பு. பாறை எங்கேயும் போகாது. அடுத்த லீவுக்கும் அங்கேயேதான் இருக்கும்.

வெள்ளகவி – கும்பக்கரை: பழைய ராஜபாட்டை

டால்பின் நோஸைத் தாண்டி அதே பாதையில் இறங்கினால் வெள்ளகவி கிராமம். அதற்கும் கீழே இறங்கினால் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவி. ஒரே நாளில் 1,500 மீட்டருக்கும் மேல் உயரம் குறைகிறது. காலையில் ஸ்வெட்டர், சாயங்காலம் வேர்வை. நம் பக்கத்து நடைகளில் இதுதான் பெரிய பரீட்சை. முட்டி நடுங்கும், பொய் சொல்லவில்லை.

இன்றைக்கு இருக்கிற மலைரோடு வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு வழியே பெரியகுளம் பக்கம்தான். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டிய பிறகு, துரைமார்களும் துரைசானிகளும் நாற்காலியில் உட்கார்ந்து போனார்கள். அந்த நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியது நம் ஊர்க் கூலியாட்கள். அந்தப் பக்கத்து மலைவழிக்கு 'கூலி காட்' என்றே பெயர் விழுந்தது. தூக்கியவன் பெயர் எதிலும் இல்லை. தொழில் மட்டும் பாதையின் பெயராக மிஞ்சியிருக்கிறது.

வெள்ளகவிக்காரர்களுக்குப் பல தலைமுறைகளாக நடைதான் வாழ்க்கை. அரிசி, பருப்பு, சிமென்ட், பிரசவ வலி எடுத்த பெண் எல்லாமே மனிதர்களின் தோளில் போய் வந்த ஊர் அது. நமக்கு டிரெக்கிங், அவர்களுக்கு ரேஷன் கடை! ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். தெருவெல்லாம் கோயில் என்பது அவர்கள் கணக்கு. ஊர் எல்லையில் நீங்களும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

இந்தப் பாதைக்கு வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். அதற்குரிய பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஒரு மணி விதி இங்கே கொஞ்சம் மாறும். மத்தியானம் ஒரு மணிக்குள் வெள்ளகவியைத் தாண்டி இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். முடியாது என்று தோன்றினால் காலையிலேயே திட்டத்தை மாற்றி டால்பின் நோஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேரிஜம்: நடக்காதே, பார்

கொடைக்கானலில் இருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் இருக்கிற ஏரி பேரிஜம். கடை கிடையாது, போட் கிடையாது, சத்தம் கிடையாது. வனத்துறை பாஸ் வாங்கிக்கொண்டு வண்டியில்தான் போக முடியும். தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுவார்கள். யானை வந்து நின்றால் அதையும் நிறுத்திவிடுவார்கள். 'சும்மா உள்ளே நடந்து போய்ப் பார்ப்போம்' என்கிற ஐடியா வேண்டவே வேண்டாம். அது யானை வீடு.

பேரிஜம் தண்ணீர் கீழே பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது. நீங்கள் கரையில் போட்டுவிட்டு வருகிற சிப்ஸ் கவர் ஒரு ஊரின் குடத்துக்கு மேல் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நாம் போட்டோ எடுக்கிற பைன் காடு 1906-ல் பிரையன்ட் என்ற வன அதிகாரி நட்ட வெளிநாட்டு மரம். அழகுதான். ஆனால் தண்ணீர் தருவது அந்தப் புல்லும் சோலையும். புல்தானே என்று மிதிக்காதீர்கள். குறிஞ்சி பூக்கிறதும் அந்தப் புல்வெளியில்தான். 2006, 2018, அடுத்தது 2030. அப்போது உங்களுக்கு வேலை கிடைத்திருக்கும். இப்போதே லீவு சொல்லி வையுங்கள்!

குரங்கணியை மறக்காதீர்கள்

இந்தப் பகுதியை ஜாலியாக எழுத முடியவில்லை. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் டிரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் நம்மைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். அவர்களில் யாரும் சாகசம் காட்டப் போகவில்லை. இரண்டு நாள் லீவில் மலை பார்க்கப் போனவர்கள். தகவல் தெரிந்ததும் முதலில் மேலே ஓடியவர்களில் குரங்கணி ஊர் மக்கள் இருந்தார்கள். அங்கேயும் தோள் கொடுத்தது மலைக்காரர்கள்தான்.

மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்த வைக்கோல். தீயின் சூடு மேல்நோக்கிப் போவதால் சரிவில் மேலே இருக்கிற புல் முன்கூட்டியே சூடாகித் தயாராக நிற்கும். அதனால் சரிவில் ஏறுகிற தீ, ஓடுகிற மனிதனைவிட வேகமாக ஓடும். ஆகவே பிப்ரவரி பாதியில் இருந்து கோடை மழை வரும் வரை புல்வெளி நடைகளைத் தொடாதீர்கள். வனத்துறை பாதையை மூடினால் 'குறுக்கு வழி தெரியும்ணே' என்று சொல்பவனை நம்பாதீர்கள். நடக்க நல்ல காலம் டிசம்பரும் ஜனவரியும்.

அந்த விபத்துக்குப் பிறகு 2018-லேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைன் பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளும் ஏற்பாடு செய்தார்கள். எந்தப் பாதை எந்த மாதம் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டே தேதி குறியுங்கள்.

பையில் என்ன இருக்கணும்?

பிடிமானம் உள்ள ஷூ. செருப்பு கூடவே கூடாது, எங்கள் நண்பனின் கணுக்கால் சாட்சி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வீட்டில் இருந்து ஸ்டீல் பாட்டிலில். கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம், கடலைமிட்டாய், ஒரு டார்ச், மழைக்கோட்டு, மழைக்காலமென்றால் அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. வழியில் காட்டுமாடு நின்றால் செல்பி வேண்டாம். அது நகரும் வரை தூரத்திலேயே நில்லுங்கள், அவசரம் நமக்குத்தானே தவிர அதற்கில்லை. முக்கியமான இன்னொன்று: எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். "பிரெண்டு வீட்டுக்கு" என்று பொய் சொல்லிவிட்டு மலைக்குப் போகாதீர்கள். தேட வருகிறவர்கள் பிரெண்டு வீட்டில்தான் தேடுவார்கள்.

கடைசியாக நம்ம மலை

ராத்திரி பத்து மணிக்கு பஸ் உங்களை அய்யலூரில் இறக்கிவிடும். கால் கெஞ்சும். சந்தை இடம் காலியாக இருக்கும். அப்போது இருட்டுக்குள் தெரிகிற நம் மலையை ஒரு முறை பாருங்கள். அங்கே இப்போதுதான் ஒருத்தர் எழுந்து நடக்கக் கிளம்பியிருப்பார். தேவாங்கு!

"தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று எத்தனை பேரைத் திட்டியிருப்போம். கோட்டான் கண், குச்சிக் கை கால், ராத்திரி முழுக்கப் பூச்சி பிடித்துத் தின்று விவசாயிக்கு உதவுகிற ஜீவன். அதைப் பார்த்தால் ஆகாது என்ற மூடநம்பிக்கையாலும், மருந்து, மாந்திரீகம் என்ற பேரிலும் ஏராளமாகக் கொன்றிருக்கிறார்கள். 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரை 'கடவூர் தேவாங்கு சரணாலயம்' என்று தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே அமைந்த இந்தியாவின் முதல் சரணாலயம். அது நம் வாசலில்! உடனே டார்ச் எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பாதீர்கள். வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்கும். அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் குற்றம். அது அங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

தேவாங்கு நடப்பதைக் கவனித்தவர்கள் சொல்வார்கள்: ஒரு கையை எடுத்து வைத்து, கிளை தாங்குமா என்று பார்த்து, பிறகுதான் அடுத்த கை. அவசரம் இல்லை, சத்தம் இல்லை, கிளையில் ஓர் இலைகூடப் பெரிதாக ஆடாது. விடிவதற்குள் வீடு திரும்பிவிடும். மலையில் எப்படி நடப்பது என்று அதைவிட நன்றாகத் தெரிந்த சீனியர் நம் காலேஜில் யாரும் இல்லை.

அதனால், இந்த லீவில் கிளம்புங்கள். பத்து மணிக்கு நடக்க ஆரம்பியுங்கள். மணி ஒன்று ஆனதும் யாராவது ஒருத்தன் "இன்னும் கொஞ்சம்" என்று ஆரம்பிப்பான் பாருங்கள், அவனிடம் அந்தப் பெரியவர் கேட்டதையே கேளுங்கள்.

"ஏப்பா, மணி பாக்கலையா?"